பச்சோந்தியைப் பார்க்க வந்தவர்கள்

எங்கள் குசினியில் மா நிறுக்கிற தராசு ஒன்று உண்டு. கண்ணாடித் தட்டும் சின்னச் சின்ன எண்களும் உள்ள சாதாரணத் தராசு. ஒரு சனிக்கிழமைக் காலை தேநீர் போடலாம் என்று கீழே இறங்கி வந்தேன். அந்தத் தட்டின்மேல் ஒரு பச்சோந்தி, என்னுடைய மரக்கரண்டியை நான்கு கால்களாலும் கட்டிப்பிடித்தபடி நின்றது. பக்கத்தில் மச்சாள், மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு எண்ணை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். "சத்தம் போடாதையும். கரண்டியின்ரை நிறையைக் கழிக்கவேணும்" என்றார். இடியப்பத்துக்கு நான் மா அளக்கிற தராசு அது. அந்தக் கரண்டிதான் குழம்புக்குள் போவது. பச்சோந்தி ஒரு கண்ணை என் பக்கமும் மற்றக் கண்ணை அவர் பக்கமும் சுழற்றியது. தேநீர் போடாமலே மேலே திரும்பிப் போய்ப் படுத்துவிட்டேன். சனியும் ஞாயிறும்தான் எனக்கு லீவு.

மச்சாள் என் கணவரின் மூத்த அக்கா. பாரிஸில் உணவகக் குசினிகளில் இருபது வருடத்துக்கு மேல் நின்று வேலை செய்தவர். கலியாணம் செய்யவில்லை. ஏன் என்று நான் கேட்டதில்லை. மற்ற எல்லோரும் கேட்டு முடித்துவிட்டதால் நான் கேட்க மிச்சம் இருக்கவில்லை. நாள் முழுவதும் அடுப்படியில் நிற்க முழங்கால் விடவில்லை என்று ஆனபிறகு தம்பியோடு இருக்கலாம் என்று லண்டனுக்கு வந்தார். கோலியர்ஸ் வுட்டில் எங்களுடையது வரிசை வீடு. மாடிப்படி முடிகிற இடத்தில், ஒரு கட்டில் போட்டால் அலுமாரிக் கதவு முழுதாகத் திறக்காத சின்ன அறைதான் அவருக்குக் கிடைத்தது. அதைப் பற்றி ஒரு நாளும் அவர் குறை சொன்னதில்லை. குறை சொல்லாத ஆட்களோடு ஒரே வீட்டில் இருப்பது லேசு என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். ஆனால் அப்படிப்பட்ட ஆட்களுக்கு என்ன வேண்டும், எது பிடிக்கவில்லை என்று நாம்தான் முகத்தைப் பார்த்துப் பார்த்து ஊகிக்க வேண்டும். எனக்கு அது அலுப்பாக இருந்தது. இதைச் சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது. ஆனால் உண்மை அதுதான்.

சும்மா இருக்கப் பிடிக்காமல் ஒரு பள்ளிக்கூடத்தில் காலையில் இரண்டு மணித்தியாலம் துப்புரவு வேலை எடுத்தார். அங்கே விஞ்ஞான வகுப்பறையில் வலைக்கூண்டு ஒன்றுக்குள் இந்தப் பச்சோந்தி இருந்தது. காலையில் முதலில் வருகிறவர் மச்சாள் என்பதால், விளக்கைப் போட்டு இலைகளுக்குத் தண்ணீர் தெளித்துவிடும்படி ஆசிரியை இவரிடம் கேட்டிருக்கிறார். ஒரு வருடம் போல அப்படி நடந்தது. பிறகு அந்த ஆசிரியை வேலையை விட்டு வேறு ஊருக்குப் போனார். போகும்போது இந்த உயிரை உங்கள் பொறுப்பில் விடுகிறேன் என்று மச்சாளின் பெயரைப் போட்டு ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். மச்சாள் பச்சோந்தியைத் தலையணை உறைக்குள் விட்டு, மார்போடு அணைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினார். கூண்டை என் கணவர் காரில் போய் ஏற்றி வந்தார். தாளை எங்களுக்குக் காட்டி, "என்ரை பேருக்கு ஒராள் ஒரு உயிரைத் தந்திருக்கிறா. இதை நான் சாகவிட ஏலாது" என்றார். அவர் வாயிலிருந்து அவ்வளவு நீளமாக ஒன்று வந்ததே அபூர்வம் என்பதால் யாரும் மறுபேச்சுப் பேசவில்லை. நோர்பரியில் இருக்கிற மாமி, என் மாமனாரின் தங்கை, தொலைபேசியில் கேட்டுவிட்டு மூச்சுப் பிடிக்கச் சிரித்தார். "ஊரில ஓணானைக் கண்டால் கல்லெறிஞ்ச சனம், இஞ்சை வந்து கொஞ்சிக் கொண்டு திரியுது" என்றார்.

முதல் ஆறு மாதம் ஒரு குறையும் இருக்கவில்லை. சின்ன அறையின் யன்னலோரத்தில் கூண்டு இருந்தது. பிறகு சாப்பாடு குறைந்தது. வெட்டுக்கிளியைக் கண்டால் நாக்கை எறிகிறது, ஆனால் பாதி வழியில் அலுத்துப்போய் விட்டுவிடுகிறது. பச்சை மங்கி, கரிபிடித்த சட்டி போன்ற ஒரு நிறம் வந்தது. பட்டப்பகலில் கண்ணை மூடிக்கொண்டு கொப்பைப் பிடித்தபடி இருந்தது. பகலில் கண்ணை மூடுவது கூடாத அறிகுறி என்று மச்சாளுக்குத் தெரிந்திருந்தது. அப்போதுதான் சனிக்கிழமைகளில் தராசு ஏற்றம் தொடங்கியது. நூற்று முப்பது கிராமில் இருந்தது நூற்று இருபத்திரண்டு ஆனது, அடுத்த கிழமை நூற்றுப் பதினாறு.

மச்சாளுக்கு ஒரு முறை இருந்தது, அது பெரிய குசினிகளில் பழகிய முறை. அண்டா நிறைய வைத்த சூப்பில் ஏதோ பிழை என்றால் அவசரப்பட்டு உப்பும் புளிப்பும் ஒன்றாகப் போடக்கூடாதாம். ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும், ருசி பார்க்க வேண்டும், பிறகுதான் அடுத்தது. "ரெண்டை ஒண்டாய் மாத்தினால் எது பிழை எண்டு கடைசி மட்டும் தெரியவராது" என்பார். எனவே ஒரு கிழமைக்கு ஒரு மாற்றம். முதலில் விளக்கு. அதற்கு வெயிலில் இருக்கிற கதிர் வேண்டும், எலும்புக்கு. பள்ளிக்கூடத்து விளக்கு பளிச்சென்றுதான் எரிந்தது, ஆனால் பழசான விளக்கில் வெளிச்சம் மட்டும் வரும், அந்தக் கதிர் வராது என்று எங்கோ கேட்டுவந்து புதிது போட்டார். அடுத்து தண்ணீர். பச்சோந்தி கிண்ணத்தில் குடிக்காது, இலையில் நிற்கிற துளியைத்தான் நக்கும். தயிர்க் கோப்பையின் அடியில் ஊசியால் துளை போட்டு மேலே கட்டித் தொங்கவிட்டார். சொட்டுச் சொட்டாக இலையில் விழுந்தது. எச்சத்தில் வெள்ளையாக இருக்கவேண்டிய பகுதி செம்மஞ்சளாக இருந்தால் தண்ணீர் போதவில்லை என்று அர்த்தமாம். அதைக் கடதாசியில் எடுத்து யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். அது வெள்ளையானது. மூன்றாவது சாப்பாடு. வெட்டுக்கிளிகளுக்கே கரட்டும் கீரையும் கொடுத்துக் கொழுக்க வைத்து, சுண்ணாம்புச்சத்துத் தூளில் பிரட்டிக் கொடுத்தார். நான்காவது சூடு. கூண்டுக்குள் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு வெப்பமானிகள். எல்லாம் சரியாக இருந்தது. நிறை நூற்று ஒன்பது.

இந்த இடத்தில்தான் நாங்கள் உதவிக்கு இறங்கினோம். எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம், வருத்தக்காரரைத் தனிய விடுவதில்லை. வீட்டில் ஒருவர் நோயில் படுத்துவிட்டால் அவருடைய படுக்கை எல்லோரும் நடமாடுகிற இடத்துக்கு வந்துவிடும், போகிற வருகிறவர்கள் கண் வைத்துக்கொள்வதற்கு. என் கணவர் அதைத்தான் செய்தார். "மேலை பூட்டின அறைக்குள்ளை கிடந்து என்ன நடக்குது எண்டு ஆருக்குத் தெரியும் அக்கா, கீழை வைச்சால் நாங்களும் ஒரு கண் பாப்பம்" என்று கூண்டைத் தூக்கி வந்து முன்னறையில் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் வைத்தார். மச்சாளும் நல்லதென்றுதான் நினைத்தார். நானும் நினைத்தேன். வேலைக்குப் போகும்போது ஒரு தரம் குனிந்து பார்ப்பேன், வந்து ஒரு தரம். மகள் பள்ளியால் வந்து பார்ப்பாள். கணவர் ஷிப்டுக்கு முன்னும் பின்னும் பார்ப்பார். மச்சாள் மணிக்கு நாலு தரம் பார்ப்பார்.

செய்தி பரவியது. பச்சோந்தி என்றாலும் வருத்தம் வருத்தம்தானே. அடுத்த ஞாயிறு நோர்பரி மாமி முந்திரிகைப்பழக் குலைகளோடும் ஒரு போத்தல் அப்பிள் ஜூஸோடும் வந்து இறங்கினார். வருத்தம் பார்க்க வெறுங்கையோடு போகிற பழக்கம் அவருக்கு இல்லை. பகிடியாகத்தான் கொண்டுவந்தேன் என்றார், ஆனால் பகிடிக்கு இரண்டு கிலோ முந்திரிகை யாரும் வாங்குவதில்லை. பிளேஸ்டோவிலிருந்து கணவரின் ஒன்றுவிட்ட அண்ணை குடும்பத்தோடு வந்தார். கூண்டுக்கு முன்னால் கதிரை போட்டு இருந்து, பிள்ளைகளின் படிப்பு, வீட்டு விலை, யாருடைய கலியாணம் என்று பேசிக்கொண்டே இடைக்கிடை எட்டிப் பார்த்து, "பாவம், வாடிப்போச்சு" என்பார்கள். மாமி வலைக்குள் விரலை விட்டுத் தடவினார். நான் தேநீர் ஊற்றினேன். கிழமை முழுவதும் ஒரு டாக்டரின் கிளினிக்கில் முன்மேசையில் இருந்து, வருகிற ஒவ்வொருவரிடமும் என்ன பிரச்சினை, எத்தனை நாளாக என்று கேட்டுப் பதிகிறவள் நான். ஞாயிறும் வீட்டில் வருத்தம் பார்க்க வருகிறவர்களுக்குத் தட்டு நீட்டினேன். கால் விண்விண்ணென்று வலிக்கும். அந்தப் பிராணி ஒன்றில் பிழைக்கட்டும், இல்லாவிட்டால் போகட்டும், இரண்டிலொன்று கெதியாக நடக்கட்டும் என்று ஒரு ஞாயிறு கோப்பை கழுவும்போது நினைத்தேன். திரும்பிப் பார்த்தால் மச்சாள் துடைக்கிற துணியோடு பின்னால் நின்றார். மனதில் நினைத்தது அவருக்குக் கேட்டிருக்காதுதான். ஆனாலும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

நிறை நூற்று ஒன்றுக்கு வந்தபோது நானும் மச்சாளும் மிருக வைத்தியரிடம் கொண்டுபோனோம். இப்படிப்பட்ட பிராணிகளுக்கென்றே படித்த வைத்தியர், சென்னைக்காரப் பெண். நாங்கள் இருவரும் பேசுவதைக் கேட்டதும் தமிழுக்கு மாறினார். வாயைத் திறந்து பார்த்தார், இரத்தம் எடுத்தார், எக்ஸ்ரே எடுத்தார். எல்லாம் பார்த்து முடித்து, "எதுலயும் ஒண்ணும் இல்லையே. விளக்கு, தண்ணி, சாப்பாடு எல்லாமே சரியா பண்ணியிருக்கீங்க. கூண்டு வீட்ல எங்க இருக்கு? போட்டோ ஏதாவது இருக்கா?" என்று கேட்டார். மச்சாள் தொலைபேசியில் இருந்த படத்தைக் காட்டினார். வைத்தியர் விரலால் பெரிதாக்கிப் பார்த்தார்.

"இந்த மூணு சேர் எதுக்கு?"

"பாக்க வாற ஆக்கள் இருக்கிறதுக்கு" என்றார் மச்சாள்.

"எதை, பச்சோந்தியையா?"

"ஓம். வருத்தம் எண்டால் வருவினம்தானே."

வைத்தியர் சிரிக்கவில்லை, அதற்காக இன்றைக்கும் அவரை எனக்குப் பிடிக்கும். "அம்மா, அதை யாராவது உத்துப் பார்த்தாலே, தன்னை சாப்பிட வர்றாங்கன்னுதான் அது நினைக்கும். நாள் பூரா பயந்துக்கிட்டே இருந்தா எப்படி சாப்பிடும்? நல்ல உசரத்துல வைங்க. முன்னாடி இலை நிறைய வெச்சு மறைச்சிடுங்க. சாப்பாடு போடுங்க, தண்ணி விடுங்க, வந்துடுங்க. பார்க்காதீங்க. அதுதான் மருந்து" என்றார். நாங்கள் காருக்கு வந்தோம். மச்சாள் பெல்ட்டைப் போட்டபின், "நாங்கள் எல்லாரும் சேர்ந்து பார்த்துப் பார்த்தே கொல்லப் பாத்திருக்கிறம்" என்றார்.

கூண்டு திரும்பவும் மேலே போனது. சின்ன அறையில் அலுமாரிக்கு மேலே பலகை அடித்து, யன்னல் பக்கமாகத் திருப்பி, முன்னால் செடிகளை நெருக்கி வைத்தார் மச்சாள். மகள் கதவில் "பார்க்க வேண்டாம்" என்று எழுதி ஒட்டினாள். மாமிக்குத் தொலைபேசியில் விளங்கப்படுத்த என் கணவருக்கு அரை மணித்தியாலம் எடுத்தது. மாமி கோபித்துக்கொண்டார், பிறகு மறந்தார். மூன்றாம் கிழமை நூற்று எட்டு. ஒரு மாதம் கழித்து நூற்று இருபது. குசினியில் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு மச்சாள் என் கையைப் பிடித்து அழுத்தினார். அவர் என்னைத் தொட்டது அதுதான் முதல் தரம் என்று நினைக்கிறேன். பச்சோந்தி கரண்டியின்மேல் கொழுந்து வெற்றிலை நிறத்தில் நின்றது.

நான் இதிலிருந்து ஒன்று படித்தேன். படித்ததாக நினைத்தேன். மச்சாளும் அப்படித்தான், பார்க்காமல் விட்டால் நன்றாக இருக்கிற ஆள் என்று. அவர் வந்து இறங்கிய நாளிலிருந்து எல்லோரும் அவரைத் துருவிக்கொண்டிருந்தோம். சாப்பிட்டீங்களோ, எங்கை போட்டு வாறியள், முகம் ஏன் இப்பிடி இருக்கு, தனிய இருந்து என்ன யோசனை. எல்லாவற்றையும் நிறுத்தினேன். கணவருக்கும் சொன்னேன், "அக்காவை அவவின்ரை பாட்டிலை விடுங்கோ." தட்டை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போய்ச் சாப்பிடத் தொடங்கினார், நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. கதவு சாத்தியிருந்தால் தட்டவில்லை. வீட்டில் ஒரு அமைதி வந்தது. ஒரு மனுஷியை இப்போதுதான் ஒழுங்காகப் புரிந்துகொண்டேன் என்று எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அந்த மாரிக் குளிரில் அவருடைய உடுப்புகள் தளர்ந்ததைக் கண்டேன். கார்டிகன் தோளில் நிற்காமல் சரிந்தது. தட்டில் சோறு பாதி திரும்பி வந்ததைக் குப்பையில் கொட்டியதும் நான்தான். கேட்கலாமா என்று ஒரு நாள் படியில் நின்றேன். கேட்டால் பிடிக்காது, அவர் பாட்டில் விடுவதுதான் நல்லது என்று சொல்லிக்கொண்டு இறங்கிவிட்டேன். கிளினிக்கில் ஒரு முன்பின் தெரியாத ஆள் வந்து பசியில்லை, மெலிந்துகொண்டு போகிறேன் என்று சொன்னால், எத்தனை நாளாக என்று கேட்காமல் விடமாட்டேன். அன்றைக்கே டாக்டரிடம் நேரம் எடுத்துக் கொடுத்திருப்பேன்.

மாசி மாதத்தில் ஒரு காலை பள்ளிக்கூடத்திலிருந்து தொலைபேசி வந்தது. விஞ்ஞான வகுப்பறையில் வாளிக்குப் பக்கத்தில் விழுந்து கிடந்திருக்கிறார். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் சோதித்துவிட்டு வயிற்றில் புற்று என்றார்கள், பரவிவிட்டது, இனி நோ தெரியாமல் வைத்திருக்கத்தான் முடியும் என்றார்கள். கட்டிலோரம் இருந்து நான் கேட்டேன்.

"ஏன் மச்சாள் ஒரு சொல் சொல்லேல்லை?"

"நீர் கண்டனீர்தானே" என்றார். "தட்டைக் கழுவினது நீர்தானே. கண்டும் கேக்கேல்லை. அப்ப சொல்லி என்ன எண்டு நினைச்சன்."

கோபமாகச் சொல்லவில்லை. விளக்கு பழசு, தண்ணீர் போதாது என்று சொல்வதுபோல, எங்கே பிழை என்று கண்டுபிடித்த ஆளின் குரலில் சொன்னார். அதன் பிறகு, கூண்டின் வெப்பமானியைப் பார்த்தேனா என்று கேட்டார். பார்த்தேன் என்றேன்.

அதற்குப் பிறகும் எனக்குப் புத்தி வரவில்லை. நோர்பரி மாமி எப்போது வரலாம் என்று கேட்டபோது, அவவுக்கு ஆட்கள் வந்தால் களைப்பு, தனிய இருக்கத்தான் விருப்பம், கொஞ்ச நாள் பொறுங்கோ என்றேன். பிளேஸ்டோவுக்கும் அதையே சொன்னேன். அவரைக் காப்பாற்றுகிறேன் என்றுதான் நினைத்தேன். நாலாம் நாள் மத்தியானம் பக்கத்துக் கட்டிலைச் சுற்றி ஒரு பெரிய குடும்பம் கூடி நின்று கதைத்துக்கொண்டிருந்தது. மச்சாள் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாமிக்குச் சொல்லேல்லையோ?"

"சொன்னனான். உங்களுக்குக் கரைச்சல் எண்டு வரவேண்டாம் எண்டனான்."

மச்சாள் என் பக்கம் முகத்தைத் திருப்பி, "நான் என்ன பச்சோந்தியே?" என்றார்.

வெளியே போய்த் தொலைபேசி எடுத்தேன். மாமி அன்று பின்னேரமே வந்துவிட்டார், முந்திரிகைப்பழத்தோடு. அடுத்த நாள் பிளேஸ்டோக்காரர். தாதி வந்து இரண்டு பேருக்கு மேல் நிற்கக்கூடாது என்றார், யாரும் கேட்கவில்லை. மச்சாள் ஒவ்வொருவரின் முகத்தையும் பார்த்து, யாருக்கு எங்கே வேலை, எந்தப் பிள்ளைக்கு என்ன படிப்பு என்று விசாரித்தார். மாமி அவர் காலைத் தடவிக்கொண்டு, "பாவி, ஒரு சொல் சொல்லியிருக்கலாமே" என்று அழுதார். மச்சாளும் அழுதார். நான் அவர் அழுது அதற்குமுன் பார்த்ததில்லை. இப்படி ஒன்பது நாள் கிடைத்தது. இன்னும் நாலு நாள் கிடைத்திருக்க வேண்டும், அந்த நாலையும் நான் எடுத்துவிட்டேன்.

மச்சாள் போய் இப்போது இரண்டு வருடமாகிறது. பச்சோந்திக்கு வயது போய்விட்டது, ஆனாலும் சாப்பிடுகிறது. காலையில் சின்ன அறைக்குப் போய் விளக்கைப் போட்டு, தண்ணீர் விட்டு, வெட்டுக்கிளியைப் போட்டுவிட்டு, நிமிர்ந்து பார்க்காமல் கதவைச் சாத்திக்கொண்டு வருகிறேன். மகள் பல்கலைக்கழகத்தில் இருக்கிறாள். சாப்பிட்டியோ, நித்திரை கொண்டியோ, குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு என்று நாளாந்தம் கேட்கிறேன். அவளுக்கு எரிச்சல் வருகிறது, வரட்டும். அக்காவின் மனதை அறிந்து, அவரை அவர் விருப்பப்படி இருக்கவிட்டோம் என்று என் கணவர் இன்னமும் வருகிறவர்களுக்குச் சொல்லுவார். அவருக்கு அது ஆறுதல் என்பதால் நான் குறுக்கே பேசுவதில்லை. அவர் மனதை அறிந்து நான் அப்படி விட்டதில்லை. கிளினிக்கில் நாள் முழுவதும் கேட்டுக் களைத்துப்போய் வந்தேன், வீட்டில் கேட்காமல் இருக்க எனக்கு ஒரு நல்ல காரணம் கிடைத்தது, அதைப் பிடித்துக்கொண்டேன்.